நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில்

எங்கள் கட்டடத்தின் லிப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதன் விளக்கு மட்டும் அணையவே இல்லை. படியேறுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே நிற்கும்போது படியோரத்து வலைக்கம்பிக்குப் பின்னால், லிப்டின் கதவிடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரியும். காலியான ஓர் அறை யாருக்காகவோ விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தரத்தில் காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. இடது காலும் இடது கையும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முப்பது வருஷம் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்த உடம்பு, நூற்றுப் பத்து கிலோ. லிப்ட் ஓடியவரை தினமும் சக்கர நாற்காலியில் கீழே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவார். இப்போது சமையலறை ஜன்னல்தான் அவருக்குத் தெரு.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, அகலமான சாலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி. அதன் நாலாவது மாடியில் இடமிருந்து ஆறாவது ஜன்னல் அம்மாவுடையது.

அம்மா பத்து நாளுக்கு முன்னால் தன் காலாலேயே படியிறங்கிப் போனாள். ஒவ்வொரு மாடியிலும் நான் ஸ்டூலைப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள், மார்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள், எழுந்தாள். ஏழு மாடி இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்த அப்பாவிடம் இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். லிப்ட் நின்ற பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். இதயத்தில் ஒரு வால்வு முழுக்கக் கெட்டுவிட்டது. வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாற்றுகிறோம். இத்தனை நாள் தள்ளிப்போட்டதால் ஆபத்து அதிகம். எவ்வளவு ஆபத்து என்று கேட்டேன். அவர் சொன்ன எண்ணை நான் வீட்டில் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அப்பாவை ஒரு தடவை இங்கே கூட்டி வா. தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்றேன்.

"போன்ல கை பிடிக்க முடியுமாடி?" என்றாள்.

*

லிப்ட் கம்பெனியோடு பேசும் பொறுப்பைக் கட்டடத்தின் செயலாளர் என் தலையில் கட்டினார். நீதான் அந்த வேலையில் இருக்கிறாயே, உனக்குத்தான் அவர்கள் பாஷை தெரியும் என்றார். அவர் சொன்னது உண்மை. நான் துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியின் புகார் மேசையில் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பெயரைச் சொல்ல அனுமதி கிடையாது. நான் மேசை பதினொன்று.

சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒருவர் வந்து எட்டு நாள் பாடம் எடுத்தார். யார் எதைச் சொன்னாலும் மெதுவாகத் தலையை ஆட்டுவார் என்பதால் அவருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தோம். தலையாட்டி தூங்கும்போதுகூடத் தலையணையிடம் 'புரியுது, புரியுது' என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்று மேசை பத்து சொல்வாள். ஆனால் மனுஷர் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் வேலை செய்தது. எதிராளி சொன்ன கடைசி இரண்டு வார்த்தையை அப்படியே கேள்வியாகத் திருப்பிக் கொடு. அவருக்கு என்ன வருத்தமோ அதற்கு நீயே பெயர் வைத்துச் சொல். போனுக்குப் பின்னால் கேட்கிற சத்தம் ஒன்றைப் பிடித்து அதைப் பற்றி விசாரி. உன் வீட்டிலிருந்து ஒரு சின்ன சங்கதியை எடுத்து அவர் முன்னால் வை. கடைசியாக, பேசாமல் இரு. நாலு விநாடி. அந்த நாலு விநாடியைத் தாங்குகிற மனுஷர்கள் ரொம்பக் குறைவு. ஏதாவது சொல்லி அதை நிரப்பப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது, "சரி, பரவாயில்லை."

அதுதான் எங்களுக்கு வேண்டிய வார்த்தை. அதைக் கேட்டதும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். 'வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்' என்று பதிவாகும். அந்தப் புகாருக்கு அன்றிலிருந்து புதிதாக முப்பது நாள் கிடைக்கும். அவர் முடியவே முடியாது என்று நின்றால் சிவப்பு. மறுநாள் காலையில் ஆள் அனுப்பியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் இருக்கிறது, 'பேச்சு தொடர்கிறது'. அது விழுந்தால் அடுத்த அழைப்பும் அதே மேசைக்கே வரும். ஒரு புகாருக்கு இரண்டு மஞ்சள்தான். மூன்றாவது அழைப்பில் பச்சையோ சிவப்போ, ஒன்று விழுந்தாக வேண்டும்.

எங்கள் தளத்தில் என்னைவிட அதிகப் பச்சை வாங்கியவள் யாரும் இல்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. யாரையும் நான் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. அவர்கள் அழும்போது நானும் மூக்கை உறிஞ்சியிருக்கிறேன். ஒரே ஒரு பொய் மட்டும் வைத்திருந்தேன். வீட்டிலிருந்து எடுத்து வைக்க என்னிடம் பெரிதாகச் சங்கதி எதுவும் இல்லாததால், எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா வீட்டில் எனக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருப்பாள்.

*

வெள்ளிக்கிழமை மதியம் லிப்ட் கம்பெனிக்குப் போன் போட்டேன். மேசை ஏழு பேசுகிறேன் என்று ஒரு பெண்குரல். என் வயதுதான் இருக்கும். லிப்ட் நின்று பதினெட்டு நாள் ஆச்சு என்றேன். "பதினெட்டு நாளா?" என்றாள். அப்பாவால் படி இறங்க முடியாது என்றேன். "இறங்க முடியாதா?" என்றாள். வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிற மாதிரி அவருக்கு இருக்கும் போல என்றாள். பிறகு, பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறதே, அப்பாவா என்று கேட்டாள்.

தலையாட்டி அங்கேயும் போயிருக்கிறார். அப்படியென்றால் பச்சை, மஞ்சள், சிவப்பும் அங்கே இருக்கும்.

கோபம் வரவில்லை என்பதுதான் விசித்திரம். வெளியூரில் யாரோ என் பாட்டை முணுமுணுக்கக் கேட்டதுபோல் இருந்தது. அவள் செய்வது ஒவ்வொன்றும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதற்கு அடுத்தது என்ன என்பதும் தெரிந்தது. அவள் மௌனமானாள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதியில் அவள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டொக்.

"உங்க பக்கம் என்ன, தண்ணி சொட்டுதா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். மேசைக்கு மேலே ஏசி ஒழுகுகிறதாம். வாளி வைத்திருக்கிறார்களாம். இரண்டு மாதமாகப் புகார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். யாரிடம் என்றேன். அது வேற மேசை என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அந்த நிமிஷத்தில் நான் முடிவு செய்தேன், இவளிடம் சண்டை போடக் கூடாது. சிவப்பு விழுந்தால் ஆள் வருவான்; பார்ப்பான்; பாகம் தேவை என்று எழுதிவிட்டுப் போவான். எத்தனை பேர் வீட்டில் அப்படி நடந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா. பாகத்தோடு ஆள் வர வேண்டுமென்றால் மேசையில் இருப்பவள் மனசு வைக்க வேண்டும். மனசு வைக்கச் செய்வது என் தொழில். திங்கட்கிழமை பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். முதல் மஞ்சள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்பதை அன்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் என்கிற அந்த வாக்கியத்தை எடுக்கப் போகும்போதெல்லாம் அது தேய்ந்துபோயிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தோம். ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டாயிற்று, நோயாளியைத்தான் தூக்குவோம், நோயாளியைப் பார்க்கப் போகிறவரைத் தூக்க மாட்டோம் என்றார்கள். அதனால் மூன்றாவது மாடி பிளம்பரும் ஆறாவது மாடி டிரைவரும் வந்தார்கள். சக்கர நாற்காலி படியின் திருப்பத்தில் நுழையாது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் அப்பாவைத் துணியால் கட்டினோம். பிளம்பர் கீழே, டிரைவர் மேலே. அண்ணே, அரிசி மூட்டைகூட இவ்ளோ மரியாதையா இறங்காது என்று பிளம்பர் சொன்னதும் அப்பாகூடச் சிரித்தார்.

முதல் திருப்பத்தில் நாற்காலியின் முன்கால் ஒன்று ஒடிந்தது. அப்பா முன்பக்கமாகச் சாய்ந்தார். கீழே ஆறு மாடியின் கைப்பிடிகள் சுழன்று சுழன்று இறங்குவதை அவர் பார்த்துவிட்டார். வலது கையால் கம்பியைப் பிடித்தார். அப்புறம் விடவே இல்லை. மூன்று பேர் சேர்ந்தும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. முப்பது வருஷம் மாவு பிசைந்த விரல்கள். பதினோரு படியை மறுபடி ஏறி அவரை வீட்டுக்குள் சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கட்டிலில் படுத்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய கால்சட்டை நனைந்திருந்ததைப் பிளம்பரும் டிரைவரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி போனார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா போனில் என்ன, சத்தத்தையே காணோம், ஜன்னலிலும் காணவில்லையே என்று கேட்டாள். தூங்கிவிட்டேன் என்றார் அப்பா.

*

திங்கட்கிழமை மேசை ஏழு என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். வாளி நிரம்பி இரண்டாவது வாளி வைத்தாயிற்று என்றாள். நானும் என் மேசை எண்ணைச் சொன்னேன். ஓ, நீங்களும் நம்ம ஜாதியா என்றாள். தலையாட்டியைப் பற்றிப் பேசினோம். அவர்கள் அங்கே அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் இத்தனை காலம் குடித்தனம் நடத்திய இரண்டு பேர் பேசிக்கொள்ள எவ்வளவோ இருந்தது. நாற்பது கட்டடத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். எங்கள் லிப்டுக்கு ஒரு மின்பலகை மாற்ற வேண்டும், அது கிடங்குக்கு நாளை வந்துவிடும், வந்ததும் தானே எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றாள். சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது. அது பாடத்தில் இல்லாத தாழ்வு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

"எங்க அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி அப்பாவைப் பாக்கணும்னு கேக்குறாங்க."

அவள் பதில் சொல்லவில்லை. டொக். நான் எண்ணக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் எண்ணினேன். நான்காவது விநாடி முடிந்ததும், உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும் போல என்றாள். அச்சடித்த மாதிரி.

அவள் நம்பவில்லை. நம்புவதற்கு என்ன இருக்கிறது. ஒரு வேளை அவளும் யாரிடமோ இதே அம்மாவை இதே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிரே ஆறாவது ஜன்னலில் அம்மாவின் நீலப் போர்வை தெரிந்தது. இதோ தெரிகிறது, நிஜமாகத் தெரிகிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. நிஜம் என்று சத்தியம் பண்ணுவதும் எங்கள் பாடத்தில் உண்டு.

இரண்டாவது மஞ்சள்.

*

செவ்வாய்க்கிழமை என் சாப்பாட்டு இடைவேளையில், அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். பலகை வந்துவிட்டது என்றாள் எடுத்த எடுப்பிலேயே. கிடங்கில் எங்கள் கட்டடத்தின் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று நான் சிவப்பு போட்டால் நாளைக் காலை முதல் ஆளாக உங்களிடம்தான் வருவார், மதியத்துக்குள் லிப்ட் ஓடும் என்றாள். எனக்கு நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. போடுங்க என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"போட்டுடவா? போட்டுடறேன். நீங்க சொன்னா போதும்," என்றாள். குரலில் ஏதோ ஒன்று சரியில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வேலையில் அது வாயில் தானாக வந்துவிடும்.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள். இந்த மாதம் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மூன்றாவது விழுந்தால் இரவு மேசைக்கு மாற்றிவிடுவார்கள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. இரவில் அவளை எங்கே விடுவது என்று தெரியவில்லை. "என் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டாதான் அது தூங்கும். அது உங்க பிரச்சினை இல்ல. நீங்க சொல்லுங்க, போட்டுடறேன்."

இது உண்மையா, வீட்டிலிருந்து எடுத்து வைத்த சங்கதியா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உண்மையாக இருந்தால் நான் அதை நம்ப வேண்டும். பொய்யாக இருந்தாலும், இப்படியொரு பொய்யைச் சொல்ல வேண்டிய நிலையில் ஒருத்தி ஒழுகும் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். எதிராளி மனசுக்குள்ளே போய் ஒரு நாற்காலி போட்டு உட்காரணும் என்பார் தலையாட்டி. நான் போய் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வரத்தான் அவர் சொல்லித்தரவில்லை.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். போடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. டொக். டொக். அவள் அழுகிறாளா, எண்ணுகிறாளா?

"அழாதீங்க," என்றேன். "பரவாயில்ல."

அழாதே என்பதற்குத்தான் சொன்னேன். என் அம்மா மேல் ஆணையாக அதற்குத்தான். மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு எழுபது தடவை காத்திருந்து வாங்கிய வார்த்தை, என் நாக்கிலேயே தங்கிவிட்டிருக்கிறது. சொல்லி முடித்த கணமே என்ன சொன்னேன் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்திருக்கும். எங்கள் பேச்சு எல்லாமே பதிவாகிறது. அந்த வார்த்தை வந்து நாலு விநாடிக்குள் பச்சையை அழுத்தாவிட்டால், ஏன் அழுத்தவில்லை என்று மேலே கேட்பார்கள்.

"ஏன் சொன்னீங்க?" என்றாள் மிக மெதுவாக.

பொத்தானின் சத்தம் எனக்குக் கேட்டது. எங்கள் பொத்தானும் அதே மாதிரிதான் சத்தம் போடும்.

உடனே மறுபடி கூப்பிட்டேன். மேசை நாலு எடுத்தார், ஓர் ஆண். உங்கள் புகாரில் வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார் என்று இருக்கிறதே என்றார். தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "தவறா சொல்லிட்டீங்களா?" என்றார். புதுப் புகார் வேண்டுமானால் பதிந்து தருகிறேன், முதல் மஞ்சளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். மேசை ஏழிடம் பேச முடியுமா என்று கேட்டேன். எந்த மேசைக்கு அழைப்பு போகும் என்பது எங்கள் கையில் இல்லை மேடம் என்றார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பதினாலு தடவை முயற்சி செய்தேன். எனக்கு எல்லா மேசையும் கிடைத்தது. எல்லோரும் என் கடைசி இரண்டு வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

*

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். லிப்ட் வராது என்பதைச் சொன்னேன். ஏன் வராது என்பதைச் சொல்லவில்லை. மறுபடி ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாமா என்று நேராகக் கேட்காமல், அன்னிக்கு உங்களுக்கு ரொம்ப அவமானமா இருந்திருக்கும் போல என்று ஆரம்பித்தேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்ட கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி பேசாத."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு எப்படிப் பேசுவது என்று எனக்கு மறந்துவிட்டது. கேள்வி கேட்டால் அது பாடம். பேசாமல் இருந்தால் அதுவும் பாடம். கடைசியில் அழுதேன். அழுகை வரும்போதே, இது நிஜம்தானா என்று எனக்குள்ளேயே ஓரத்தில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா, பயம்தாம்மா, வேற ஒண்ணுமில்ல என்றார். அவள் என்னைப் பார்க்கணும்னு கேட்டாள், நடுங்கிக்கிட்டு வர்றவனைப் பார்க்கணும்னு கேட்கல என்றார். பிறகு, கண்ணைக் கட்டிவிட்டால் வருவேன் என்றார். கீழே பார்த்தால்தானே கை பிடிக்கிறது.

பிளம்பரிடம் போனேன். இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவதாகச் சொன்னார். இரும்பு நாற்காலி ஒன்றும் அவருக்குத் தெரிந்த கடையில் இருக்கிறதாம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டுக்குள் கீழே. சாலையைக் கடக்கப் பத்து நிமிஷம். அம்மாவிடம் அப்பா போனில் சொன்னார், நாளைக்கு வரேன் என்று. வரலன்னா ஜன்னல்லயாவது நில்லுங்க, போகும்போது பாத்துட்டுப் போறேன் என்றாள் அம்மா. வந்துடுவேன், ஜன்னல் எல்லாம் எதுக்கு என்றார்.

*

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அப்பா சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, ஒடியாத இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவின் நீலத் துப்பட்டாவால் கண்ணைக் கட்டினேன். நாலு பேர் தூக்கினார்கள். நான் போனையும் அப்பாவின் செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

நன்றாகத்தான் போயிற்று. ஒவ்வொரு படிக்கும் பிளம்பர் சத்தமாக எண் சொன்னார். அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கையை மடியை விட்டு எடுக்கவில்லை. ஆறாவது மாடியைத் தாண்டினோம். ஐந்தாவது மாடியில் பத்து நிமிஷம் இளைப்பாறினார்கள். அங்கிருந்து பாதி இறங்கியபோது தூக்கியவர்களில் ஒருவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். பக்கத்தில் லிப்ட் ஓடுகிற குழியை அடைத்த வலைக்கம்பி. அதற்குள்ளே நின்றுபோன லிப்டின் வெளிச்சம். அந்த இடத்தில் ஜன்னல் கிடையாது.

மணி ஏழு நாற்பது. அப்போது போன் அடித்தது. நர்ஸ் பேசினார். அம்மாவுக்கு முன்னால் இருந்த ஆபரேஷன் ரத்தாகிவிட்டதால் அவளை முன்னதாகவே கொண்டுபோகிறார்களாம். கட்டிலை நகர்த்த ஆள் வந்து நிற்கிறார். அம்மா ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்கிறாளாம். நான் இன்னும் அரை மணி நேரம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "உங்களுக்கு எப்படி இருக்கும்னு புரியுதும்மா," என்றார் நர்ஸ். அவர் குரலில் பாடம் எதுவும் இல்லை. உண்மையாகவே புரிந்திருந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

போனை அப்பாவின் காதில் வைத்தேன். கண்கட்டை அவிழ்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"ஜன்னல்ல காணோமே உங்கள."

"இறங்கிட்டு இருக்கேன். வந்துக்கிட்டே இருக்கேன்."

"எத்தனாவது மாடி?"

அப்பா கண்கட்டோடு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் சொல்லவில்லை.

"ரெண்டு," என்றார். "ரெண்டாவது மாடி வந்துட்டேன். வாசல் தெரியுது."

அந்தப் பக்கம் கட்டிலின் சக்கரம் உருளுகிற சத்தம். யாரோ கதவைத் திறந்தார்கள். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். அப்பா அவளுடைய பெயரை, நான் பிறந்ததிலிருந்து ஒன்றிரண்டு தடவைக்கு மேல் கேட்டிராத அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை. எனக்கு எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. சொல்லாதேம்மா, அதை மட்டும் சொல்லிவிடாதே என்று நான் வலைக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவாயில்லங்க," என்றாள் அம்மா. "மெதுவா வாங்க."

போன் நின்றுவிட்டது. அப்பா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பிளம்பர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தோள் பிடித்துக்கொண்டவர் எழுந்து நின்று கையைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, இப்போது தூக்க முடியும் என்றார். எதற்குச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி சொன்னார்.

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"மேலயா, கீழயாண்ணே?" என்று அவர் அப்பாவிடமே கேட்டார்.

அப்பா வலது கையால் தடவித் தடவி நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த வலைக்கம்பியைத் தொட்டார். லிப்டின் வெளிச்சம் அவருடைய விரல்களில் விழுந்தது. அவருக்கு அது தெரியாது.

"கொஞ்ச நேரம் இங்கயே இருப்போம்," என்றார்.